ஒரே ஒளிப்பொட்டு, இரண்டு பதில்கள்: மூளை அலைகளும் கவனமும்

இருட்டறை ஒன்றில் ஒருவரை அமரவைத்து, எதிரே உள்ள திரையின் நடுப்புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்க்கச் சொல்கிறார்கள். அவ்வப்போது திரையின் ஓரத்தில் மிக மங்கலான ஒளிப்பொட்டு ஒன்று வினாடியின் மிகச் சிறு பங்கு நேரம் தோன்றி மறையும். அதைக் கண்டால் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். பொட்டின் பிரகாசத்தை அவருடைய பார்வைத் திறனுக்கேற்ப முன்கூட்டியே அளந்து, பாதித் தடவை தெரியும், பாதித் தடவை தெரியாது என்ற எல்லையில் நிறுத்திவைத்திருக்கிறார்கள். பிறகு அதே பொட்டு, அதே இடத்தில், அதே பிரகாசத்துடன் நூற்றுக்கணக்கான முறை காட்டப்படுகிறது. ஒரு முறை தெரிந்தது என்கிறார். அடுத்த முறை எதுவும் வரவே இல்லை என்று சாதிக்கிறார்.

ஒளி மாறவில்லை, கண்ணும் இடம் மாறவில்லை. மாறியிருக்கக் கூடியது, ஒளி வந்து சேர்ந்த அந்தக் கணத்தில் மூளை இருந்த நிலை. "கண்ணும் கருத்துமாக" என்று சொல்லும்போது நாம் கண்ணை ஒன்றாகவும் கருத்தை வேறொன்றாகவும் எண்ணுகிறோம். கண் திறந்திருந்தாலும் கருத்து அங்கே இல்லாமல் போகலாம் என்பது யாருக்கும் புதிய செய்தி அல்ல. ஆனால் அந்தக் கருத்து என்பது வினாடிக்குப் பல முறை ஏறியும் இறங்கியும் அசைகின்ற ஒன்று என்பதும், அந்த அசைவைத் தலையின் மேல் ஒட்டிய மின்முனைகளைக் கொண்டு ஓரளவு அளந்துவிட முடியும் என்பதும் புதியவை. அந்த அசைவுகளைத்தான் மூளை அலைகள் என்று அழைக்கிறோம். அவை கவனத்தோடும் பார்வையோடும் எவ்வாறு பின்னிக் கிடக்கின்றன என்பதை, முன்னறிவு ஏதுமில்லாமல் படிப்பவருக்கும் புரியும்படி இங்கே விளக்க முயல்கிறேன்.

அலை எங்கிருந்து வருகிறது

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஒரு நரம்பணு மற்றொன்றிடமிருந்து செய்தி பெறும்போது அதன் சவ்வின் வழியே மின்னேற்றம் கொண்ட அயனிகள் பாய்கின்றன. அந்தப் பாய்ச்சல் சுற்றிலும் ஒரு சிறு மின்னழுத்த மாற்றத்தை உண்டாக்குகிறது. தனியொரு நரம்பணுவின் மாற்றம் மண்டையோட்டைத் தாண்டி வெளியே தெரிய வாய்ப்பே இல்லை. மூளையின் வெளியடுக்கான பெருமூளைப் புறணியில் உள்ள பிரமிடு வடிவ நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று இணையாக, மேற்பரப்புக்குச் செங்குத்தாக நிற்பதால், அவற்றில் லட்சக்கணக்கானவை ஒரே சமயத்தில் செய்தி பெறும்போது அவற்றின் மாற்றங்கள் ஒன்றோடொன்று கூடிப் பெரிதாகின்றன. மைதானத்துக்குள் ஆயிரம் பேர் தத்தம் போக்கில் கைதட்டினால் மதிலுக்கு வெளியே இரைச்சல்தான் கேட்கும். அவர்களே ஒன்றுபோல் தட்டத் தொடங்கினால், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாதவருக்கும் தாளம் தெளிவாகக் கேட்கும். மூளை அலை என்பது இப்படி மதிலுக்கு வெளியே கேட்கின்ற தாளம். அதைப் பதிவு செய்யும் முறைக்கு இ.இ.ஜி. என்று பெயர். வெளியே வந்து சேரும் மின்னழுத்தம் சில பத்து மைக்ரோவோல்ட் அளவே இருக்கும். 50 மைக்ரோவோல்ட் என்றால், கைவிளக்கில் போடும் 1.5 வோல்ட் மின்கலத்தின் அழுத்தத்தில் 30,000இல் ஒரு பங்கு.

ஓர் அலையைப் பற்றிப் பேச மூன்று சொற்கள் போதும். வினாடிக்கு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்பது அதிர்வெண்; அதன் அலகு ஹெர்ட்ஸ். எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பது வீச்சு. இவ்விரண்டும் எளிதில் மனத்தில் நிற்கும். மூன்றாவதான கட்டம் என்பதில்தான் பலருக்கும் தடுமாற்றம் வருகிறது, இந்தக் கட்டுரைக்கு மிகவும் வேண்டியதும் அதுவே. ஆடிக்கொண்டிருக்கும் ஊஞ்சலை எண்ணிக்கொள்ளுங்கள். எவ்வளவு விரைவாக ஆடுகிறது என்பதும், எவ்வளவு தூரம் போகிறது என்பதும் மாறாமல் இருக்கும்போதே, நீங்கள் பார்க்கும் கணத்தில் அது முன்கோடியில் இருக்கலாம், நடுவில் இருக்கலாம், பின்கோடியில் இருக்கலாம். ஆட்டத்தின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதே கட்டம். ஊஞ்சலைத் தள்ளுகிறவருக்கு அதன் வேகத்தைவிடக் கட்டம் முக்கியம். தவறான கணத்தில் தள்ளினால் ஊஞ்சல் வேகம் பெறாது, கைதான் வலிக்கும்.

அலைகளை அதிர்வெண்ணை வைத்துப் பெயரிட்டிருக்கிறார்கள். 4 ஹெர்ட்ஸுக்குக் கீழே டெல்டா, 4 முதல் 8 வரை தீட்டா, 8 முதல் 13 வரை ஆல்ஃபா, 13 முதல் 30 வரை பீட்டா, அதற்கு மேல் காமா. இந்த எல்லைகளை வேலி போல எண்ண வேண்டாம். ஆய்வகத்துக்கு ஆய்வகம் ஓரிரு ஹெர்ட்ஸ் மாறும். டெல்டா ஆழ்ந்த உறக்கத்தில் ஓங்கி நிற்பது. பார்வைக் கவனத்தைப் பற்றிய கதையில் ஆல்ஃபா, தீட்டா, காமா என்ற மூன்றுமே முதன்மையானவை, அவற்றிலும் ஆல்ஃபாவே மூத்தது.

கண்ணைத் திறந்ததும் மறைந்த அலை

ஜெர்மனியின் யேனா நகரில் மனநல மருத்துவராகப் பணியாற்றிய ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனிதத் தலையிலிருந்து முதன்முதலாக மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார். அவர் தேடியது வேறு: இளம் வயதில் குதிரையிலிருந்து விழுந்து உயிர் தப்பிய நாளில், தமக்கு ஏதோ தீங்கு நேர்ந்துவிட்டது என்ற உணர்வு தொலைவில் இருந்த சகோதரிக்குத் தோன்றி வீட்டிலிருந்து தந்தி வந்ததை அவர் மறக்கவே இல்லை, மனத்திலிருந்து மனத்துக்குச் செய்தி போக முடியுமா என்ற கேள்விதான் அவரை மூளையின் ஆற்றலை அளக்கத் தூண்டியது. அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. ஆனால் ஐந்தாண்டுகள் தம் அளவீட்டைத் தாமே சந்தேகித்துச் சோதித்தபின் 1929இல் அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் இந்தத் துறை தொடங்குகிறது. கண்ணை மூடி அமைதியாக இருப்பவரின் தலையில் வினாடிக்குச் சுமார் பத்து முறை சீராக ஏறி இறங்கும் பெரிய அலை ஒன்றை அவர் கண்டார். முதலில் கண்டதால் அதற்கு ஆல்ஃபா என்று பெயரிட்டார். கண்ணைத் திறந்ததும் அது தணிந்து, சிறிய, விரைவான, ஒழுங்கற்ற அலைகளாக மாறியது. கண் மூடியிருக்கும்போதே மனக்கணக்குப் போடச் சொன்னாலும் பல சமயம் தணிந்தது.

பலர் இதை நம்பவில்லை. 1932இல் நோபல் பரிசு பெற்றிருந்த கேம்பிரிட்ஜ் அறிஞர் எட்கர் ஏட்ரியன், பிரையன் மேத்யூஸுடன் சேர்ந்து 1934இல் அதே அலையைத் தம் தலையிலேயே பதிவு செய்து காட்டிய பிறகுதான் ஐயம் நீங்கியது. அவர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள். அலையைத் தணிப்பது வெறும் வெளிச்சம் அல்ல. பார்ப்பதற்கு வடிவமோ கோடோ இல்லாத ஒரே சீரான வெண்பரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் திறந்திருக்கும்போதும் அலை திரும்பி வரக் கூடும். இருட்டில் எதையோ பார்த்துவிட முயன்றால் தணியும். ஆக, அலை கண்ணின் இமையோடு மட்டும் கட்டுப்பட்டதல்ல, பார்க்கும் முயற்சியோடு கட்டுப்பட்டது.

இதிலிருந்து ஓர் எளிய முடிவு பிறந்து நெடுங்காலம் நிலைத்தது. ஆல்ஃபா என்பது வேலையற்ற மூளையின் சும்மா இருக்கும் ஓசை. பார்வைப் பகுதிக்கு வேலை வந்தால் ஓசை நிற்கிறது. வண்டி நிற்கும்போது இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருப்பதுபோல என்று சொன்னார்கள். கேட்பதற்குப் பொருத்தமாகவே இருந்தது. அது பாதி உண்மை என்பது தெரிய எழுபது ஆண்டுகள் ஆயின.

கதவை மூடுவதும் ஒரு வேலை

கவனத்தை ஆய்வகத்தில் அளக்க ஒரு நல்ல வழியை மைக்கேல் போஸ்னர் 1980இல் செம்மைப்படுத்தினார். பார்வையை நடுப்புள்ளியில் நிறுத்தியபடியே, அடுத்து வரப்போகும் பொருள் இடப்பக்கமா வலப்பக்கமா என்று ஓர் அம்புக்குறி முன்கூட்டியே காட்டிவிடும். கண் அசைவதில்லை, கவனம் மட்டும் அந்தப் பக்கம் போகிறது. அப்படிக் கவனம் போன இடத்தில் வரும் பொருளுக்கு மக்கள் விரைவாகப் பதிலளிக்கிறார்கள். எதிர்ப்பக்கத்தில் வந்தால் தாமதமாகிறது.

இந்தச் சோதனையை இ.இ.ஜி.யோடு சேர்த்தால் என்ன ஆகும் என்று பார்க்குமுன் மூளையின் ஓர் அமைப்பை நினைவில் கொள்ள வேண்டும். நமக்கு இடப்புறம் தெரியும் காட்சி வலப்பக்க மூளைக்கும், வலப்புறம் தெரிவது இடப்பக்க மூளைக்கும் செல்கிறது. மைக்கேல் வோர்டனும் உடன் ஆய்வாளர்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், அம்புக்குறி இடப்புறம் காட்டியதும், பொருள் இன்னும் தோன்றாத இடைவேளையிலேயே, மூளையின் பின்பகுதியில் இரு பக்கங்களின் ஆல்ஃபாவும் வெவ்வேறாகப் பிரிந்தன. கவனிக்க வேண்டிய இடப்புறத்தைக் கையாளும் வலப்பக்க மூளையில் ஆல்ஃபா குறைவாக இருந்தது. கவனிக்கக் கூடாத வலப்புறத்தைக் கையாளும் இடப்பக்க மூளையில் அது ஓங்கியது. அம்புக்குறி மாறியபோது இந்த அமைப்பும் பக்கம் மாறியது.

ஆல்ஃபா வெறும் ஓய்வின் அடையாளம் என்றால் இதை விளக்குவது கடினம். பக்கம் பார்த்து, முன்கூட்டியே, பணிக்கு ஏற்ப ஓங்குகின்ற ஒன்றைச் சோம்பல் என்று சொல்ல முடியாது. 2002இல் ஓலே யென்சனும் உடனிருந்தோரும் காட்டிய முடிவு இதை மேலும் வலுப்படுத்தியது: எழுத்துகளைச் சில வினாடிகள் மனத்தில் வைத்திருக்கச் சொன்னபோது, எழுத்துகளின் எண்ணிக்கை கூடக் கூடத் தலையின் பின்பகுதியில் ஆல்ஃபாவும் கூடியது. வேலை அதிகமாகும்போது ஓய்வு அதிகமாவதில்லை அல்லவா? மனத்துக்குள் உள்ளதைக் காப்பாற்ற, வெளியிலிருந்து வரும் புதுக் காட்சியைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்று கொண்டால் அந்தக் கூடுதல் பொருந்திவிடுகிறது. இப்போது பலரும் ஏற்கும் கருத்து இதுதான்: எந்தப் பகுதியின் வேலை இப்போது வேண்டாமோ அந்தப் பகுதியின் கதவை மூளை ஆல்ஃபாவால் சாத்துகிறது, மிச்சமுள்ள வழியாகச் செய்தி ஓடுகிறது. கண்ணை மூடியவரின் பின்தலையில் ஆல்ஃபா ஓங்குவதையும் இந்தக் கண்ணோட்டத்தில், பார்வைப் பகுதியின் கதவு சாத்தப்பட்டிருப்பதாகப் படிக்கலாம்.

கவனம் என்றால் ஒன்றைக் கூர்ந்து பிடிப்பது என்றே நாம் பழகியிருக்கிறோம். விலக்குவதற்கும் மூளை உழைக்கிறது என்பதைத் தலையின் மேலிருந்தே பார்க்க முடிந்தது, என் எண்ணத்தில், இந்தத் துறை தந்த மிகச் சுவையான செய்தி.

இரண்டு நிகழ்வுகள் சேர்ந்து வருவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது என்று கேட்பவர் கேட்கலாம், சரியான கேள்வி. வின்செஞ்சோ ரோமேயும் குழுவினரும் 2010இல் இதற்கு நேரான சோதனை ஒன்றைச் செய்தார்கள். தலைக்கு வெளியே வைத்த கம்பிச் சுருளில் காந்தத் துடிப்புகளை உண்டாக்கி, புறணியின் ஒரு பகுதியை வலியின்றித் தூண்ட முடியும். பார்வையோடு தொடர்புடைய பகுதியை ஒரு பக்கத்தில் ஆல்ஃபா வேகமான 10 ஹெர்ட்ஸில் சிறு தொடராகத் தூண்டியபோது, எதிர்ப்புறக் காட்சியில் மங்கலான பொருள்களைக் காண்பது குறைந்தது, அதே புறத்தில் காண்பது மேம்பட்டது. அதைவிட மெதுவான, விரைவான தாளங்களில் தூண்டியபோது இவ்விளைவு கிடைக்கவில்லை. ஆக, ஆல்ஃபாவின் வேகத்தில் தட்டினால் கதவு ஓரளவு சாத்துகிறது என்று சொல்ல இடம் உண்டு.

ஆனாலும் வழக்கு முடிந்துவிடவில்லை. கவனிக்கும் பக்கத்தில் ஆல்ஃபா குறைவது ஆய்வுக்கு ஆய்வு உறுதியாகக் கிடைக்கிறது. விலக்கும் பக்கத்தில் கூடுவது அத்தனை உறுதியாகக் கிடைப்பதில்லை. ஆகவே ஆல்ஃபா நேரடியாகத் தடுக்கிறதா, அல்லது கவனம் ஓரிடத்தில் குவிந்ததன் மறுபக்கத் தடயமாக மட்டும் நிற்கிறதா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ஆல்ஃபாவைக் கூட்டினால் கவனம் கூடிவிடும் என்று கருவிகளும் செயலிகளும் விற்போர் இவ்விடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். மேலே சொன்ன சோதனைகளின்படி, எங்கே கூடுகிறது என்பதே எல்லாம். பார்க்க வேண்டியதைக் கையாளும் பகுதியில் கூடினால், பார்வை மங்கும்.

அலையின் எந்த இடத்தில் ஒளி வந்து விழுகிறது

இதுவரை அலையின் வீச்சைப் பற்றியே பேசினோம். ஊஞ்சலின் கட்டத்துக்கு இப்போது திரும்பலாம். ஆல்ஃபா கதவைச் சாத்துகிறது என்றால், அது ஒரேயடியாகச் சாத்துவதில்லை. ஓர் அலைக்குள்ளேயே நரம்பணுக்கள் எளிதில் தூண்டப்படும் நேரமும், தூண்டப்படாத நேரமும் மாறி மாறி வர வேண்டும். 10 ஹெர்ட்ஸ் அலை ஒன்று முழுதாகச் சுற்றிவர 100 மில்லிவினாடி ஆகும். கண்ணிமைக்கும் நேரம் என்று நாம் மிகக் குறுகிய பொழுதைச் சொல்கிறோம். ஒரு முறை இமைத்துத் திறப்பதற்குள் இந்த அலை ஓரிரு சுற்றையாவது முடித்துவிடுகிறது. அவ்வளவு சிறிய கால அளவுக்குள் ஏற்றமும் இறக்கமும் பார்வையை மாற்றுமா?

2009இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் மாற்றும் என்று காட்டின. கைல் மேத்யூசனும் குழுவினரும், ஒளி தோன்றும் கணத்தில் ஆல்ஃபா எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதைப் பொறுத்து, அது காணப்படும் வாய்ப்பு கூடியும் குறைந்தும் வருவதைக் கண்டார்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு: ஆல்ஃபாவின் வீச்சு அதிகமாக இருந்த வேளைகளில்தான் கட்டம் பொருட்படுத்தத்தக்கதாக இருந்தது. வீச்சு குறைவாக இருந்தபோது எந்தக் கட்டத்தில் வந்தாலும் பெரிய வேறுபாடு இல்லை. கதவு முழுக்கத் திறந்திருக்கும்போது எப்போது வந்தாலும் நுழையலாம். கதவு ஆடிக்கொண்டிருக்கும்போதுதான் நேரம் பார்த்து நுழைய வேண்டியிருக்கிறது. நிக்கோ புஷ், ஜூலியன் துப்வா, ரூஃபின் வான்ருல்லன் ஆகியோர் செய்த மற்றோர் ஆய்வில், ஒளி வருவதற்குச் சற்று முன்பிருந்த, சுமார் 7 ஹெர்ட்ஸ் அலையின் கட்டத்தை மட்டும் வைத்து, கண்டுபிடிக்கும் திறனில் தடவைக்குத் தடவை நேரும் மாறுபாட்டில் ஏறத்தாழ 16 விழுக்காட்டை விளக்க முடிந்தது. தொடக்கத்தில் சொன்ன ஒளிப்பொட்டுச் சோதனை போன்றதுதான் இதுவும்; ஒரே பொட்டுக்கு வந்த இரண்டு பதில்களில் ஒரு பங்குக்காவது காரணம் இப்படிக் கிடைத்தது.

16 விழுக்காடு என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். மண்டையோட்டுக்கு வெளியே, பல சென்டிமீட்டர் பரப்பின் சராசரியாக வந்து சேரும் மங்கிய சமிக்ஞையிலிருந்து இவ்வளவு எடுக்க முடிவதே வியப்பு. அதே சமயம், பின்னர் இன்னும் கண்டிப்பான திட்டத்தோடு செய்யப்பட்ட சில சோதனைகளில் இந்தக் கட்ட விளைவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆகவே "மூளை உலகத்தைத் திரைப்படம்போல வினாடிக்குப் பத்துப் படங்களாக எடுக்கிறது" என்று எங்காவது படித்தால் அப்படியே நம்பிவிடாதீர்கள். படச் சுருளில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒன்றுமே பதிவாவதில்லை. மூளையில் ஏற்பு கூடிக் குறைகிறதே தவிர, அற்றுப்போவதில்லை.

படங்கள் என்ற ஒப்புமை முற்றிலும் வீண் என்றும் தள்ள முடியாது. இரண்டு ஒளிகளை மிகக் குறுகிய இடைவெளியில் அடுத்தடுத்துக் காட்டினால் சில சமயம் இரண்டாகவும் சில சமயம் ஒன்றாகவும் தெரியும். ஜேசன் சமாஹாவும் பிராட்லி போஸ்டலும் 2015இல் காட்டியபடி, இயல்பாகவே விரைவான ஆல்ஃபா உடையவர்கள் குறுகிய இடைவெளியையும் இரண்டாகப் பிரித்துக் காண்கிறார்கள். ஆல்ஃபாவின் வேகம் ஆளுக்கு ஆள் ஓரிரு ஹெர்ட்ஸ் மாறும். ஒரே அலைச் சுற்றுக்குள் வந்து விழும் இரண்டு ஒளிகள் ஒன்றாகச் சேர்ந்துவிடுவது எளிது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

இரண்டு இடங்களை ஒருசேரக் கவனிக்க முடியுமா

ஒரே நேரத்தில் இரண்டு இடங்களைக் கண்காணிக்கச் சொன்னால் நாம் முடியும் என்றே நினைக்கிறோம். அயலெட் லாண்டோவும் பாஸ்கல் ஃபிரீஸும் 2012இல் செய்த சோதனை வேறொன்றைச் சொன்னது. திரையில் இடமும் வலமும் இரண்டு கோட்டு வடிவங்கள் இருக்கும். எதில் வேண்டுமானாலும் ஒரு சிறு மாற்றம் நிகழலாம். முதலில் ஒரு பக்கத்தில் பளிச்சென்று ஒளி காட்டிக் கவனத்தை அங்கே இழுக்கிறார்கள். இது ஓட்டப்பந்தயத்தில் தொடக்க ஒலி கொடுப்பது போன்றது. இதன் பிறகு எல்லாத் தடவைகளுக்கும் காலக் கணக்கு ஒரே புள்ளியிலிருந்து தொடங்கும். பிறகு அந்தச் சிறு மாற்றத்தை வெவ்வேறு தாமதங்களில், மிக நெருக்கமான படிகளில், பல முறை காட்டிச் சோதிக்கிறார்கள். தாமதத்தை ஓர் அச்சிலும், சரியாகக் கண்டுபிடித்த விகிதத்தை மற்றோர் அச்சிலும் வரைந்தால் நேர்கோடு வரவில்லை. வினாடிக்குச் சுமார் நான்கு முறை ஏறி இறங்கும் அலை வந்தது. இடப்பக்கத்துக்கான அலை ஏறியபோது வலப்பக்கத்துக்கானது இறங்கியிருந்தது. இரண்டையும் ஒருசேரக் கவனிக்கிறோம் என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களின் கவனம், அவர்கள் அறியாமலேயே இங்கும் அங்குமாகத் தாவிக்கொண்டிருந்தது.

அடுத்த ஆண்டு இயன் ஃபீபல்கார்ன், யூரி சால்மன், சபைன் காஸ்ட்னர் ஆகியோரும் கவனிக்கும் இடத்தில் 8 ஹெர்ட்ஸ் அளவிலும், பொருளுக்குப் பொருள் தாவுவதில் 4 ஹெர்ட்ஸ் அளவிலும் இப்படிப்பட்ட ஏற்ற இறக்கங்களைக் கண்டார்கள். 2018இல் குரங்குகளின் மூளைக்குள் வைத்த மின்முனைகளும், மருத்துவக் காரணத்துக்காக மூளையில் மின்முனை பொருத்தப்பட்டிருந்த மனிதர்களின் பதிவுகளும் இதைத் தீட்டா அலையோடு இணைத்தன. தீட்டாவின் ஒரு கட்டத்தில் மூளை இருக்கும் இடத்தையே கூர்ந்து பார்க்கிறது; எதிர்க்கட்டத்தில் பிடி தளர்ந்து, வேறிடம் போக வழி பிறக்கிறது. நம் கண்களும் வினாடிக்கு மூன்று நான்கு முறை இடம் விட்டு இடம் தாவுகின்றன என்பதை இதோடு சேர்த்துப் பார்க்கும்போது, கண் தாவுவதற்கும் கவனம் தாவுவதற்கும் ஒரே கடிகாரம்தானோ என்று கேட்கத் தோன்றுகிறது.

இங்கும் ஓர் எதிர்ப்பு எழுந்தது. அதைப் புரிந்துகொள்வது புதியவருக்கு மிகவும் பயன்படும். ஒரு வரைகோடு ஏறி இறங்குவதாலேயே அது தாளம் ஆகிவிடாது. ஒழுங்கின்றி மெல்ல ஏறி இறங்கும் எதையும் கணித முறையில் பகுத்தால் சில அதிர்வெண்களில் மேடு தெரியத்தான் செய்யும். ஜெஃப்ரி புரூக்ஷைர் 2022இல், வழக்கமாகப் பயன்படுத்தப்பட்ட புள்ளியியல் முறை காலத்தில் ஏதோ ஓர் அமைப்பு இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும், அது சீரான தாளம் என்பதைக் காட்டாது என்று வாதிட்டார். மற்றவர்கள் மறுத்தார்கள், விவாதம் தொடர்கிறது. மூளைக்குள்ளிருந்தே நேரடியாக எடுத்த பதிவுகளும் இருப்பதால் தாளக் கருத்து முழுவதும் சாய்ந்துவிடாது என்று நான் கருதுகிறேன். ஆனால் பொத்தான் அழுத்தும் சோதனைகளை மட்டும் நம்பிய ஆய்வுகளை இனி ஒரு படி எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

விரைவான அலைகளின் வேலை

காமா என்ற விரைவான அலைகளின் கதை ஒரு பூனையிலிருந்து தொடங்குகிறது. சார்லஸ் கிரே, பீட்டர் கோனிக், ஆன்ட்ரியாஸ் எங்கல், வுல்ஃப் சிங்கர் ஆகியோர் 1989இல் பூனையின் பார்வைப் புறணியில் ஒன்றிலிருந்து மற்றொன்று சில மில்லிமீட்டர் விலகியிருந்த நரம்பணுக்களைப் பதிவு செய்தார்கள். ஒரே நீண்ட பட்டை நகர்ந்து இரண்டு இடங்களையும் ஒருசேரத் தூண்டியபோது அவை 40 ஹெர்ட்ஸ் அளவில் இசைந்து துடித்தன. இரண்டு தனிப் பட்டைகள் எதிரெதிர்த் திசையில் நகர்ந்தபோது அந்த இசைவு இல்லை. மூளையின் வெவ்வேறு இடங்கள் ஒரே பொருளின் வெவ்வேறு பகுதிகளைக் கையாளும்போது, இவை எல்லாம் ஒரே பொருளைச் சேர்ந்தவை என்பதற்கு இந்த ஒத்திசைவே அடையாளமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள்.

பாஸ்கல் ஃபிரீஸ் உள்ளிட்டோர் 2001இல் குரங்குகளில் கண்டது கவனத்தை இதற்குள் கொண்டுவந்தது. இரண்டு பொருள்களில் எதைக் குரங்கு கவனிக்கிறதோ அதைக் கையாளும் நரம்பணுக்களின் காமா ஒத்திசைவு கூடியது. 2005இல் அவர் முன்வைத்த விளக்கம் எளிமையானது: ஒரு பகுதி அனுப்பும் செய்தி, பெறும் பகுதி ஏற்கத் தயாராக இருக்கும் கணத்தில் போய்ச் சேர்ந்தால்தான் பயன், இரண்டும் ஒரே தாளத்தில், பொருத்தமான கட்டத்தில் ஆடும்போது செய்தி கடந்துபோகிறது, தாளம் பிசகினால் தங்கிவிடுகிறது. கவனம் என்பது எந்த இரண்டு பகுதிகள் தாளம் சேர வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது. அழகான கருத்து, ஆனால் அழகு மட்டும் போதாது. சுப்ரதிம் ரேயும் ஜான் மான்செலும் 2010இல் காட்டியபடி, காமாவின் அதிர்வெண் காட்சியின் வெளிச்ச வேறுபாட்டைப் பொறுத்தே மாறுகிறது. ஒரே பொருளின் பளிச்சென்ற பகுதியும் மங்கிய பகுதியும் வெவ்வேறு வேகத்தில் துடித்தால், அவை எப்படி ஒரே தாளத்தில் கட்டப்பட முடியும் என்ற கேள்விக்கு இன்னும் எல்லோரும் ஏற்கும் விடை வரவில்லை.

இதைவிட உறுதியாக நிற்கும் செய்தி அலைகளின் திசையைப் பற்றியது. கண்ணிலிருந்து வரும் செய்தி முதலில் சேரும் பார்வைப் புறணிக்கு வி1 என்றும், அதற்கு மேற்படியில் உள்ள ஒரு பகுதிக்கு வி4 என்றும் பெயர். 2014இல் வெளியான ஒரு குரங்கு ஆய்வில், டிமோ வான் கெர்கூர்லும் உடன் ஆய்வாளர்களும் வி1இல் சிறு மின்தூண்டல் கொடுத்தபோது வி4இல் காமா எழுந்தது. வி4இல் கொடுத்தபோது வி1இல் ஆல்ஃபா எழுந்தது. உலகத்திலிருந்து மேலே போகும் செய்தி காமாவில் பயணம் செய்கிறது, மேலிருந்து கீழே வரும் கட்டளையும் எதிர்பார்ப்பும் ஆல்ஃபாவில் வருகின்றன என்று இதைச் சுருக்கமாகப் படிக்கலாம். மூளையின் நடுவே உள்ள தலாமஸின் புல்வினார் என்ற பகுதி, கவனத்துக்கேற்ப இரண்டு பார்வைப் பகுதிகளின் தாளத்தை ஒன்றிணைக்கிறது என்பதையும் 2012இல் சால்மனும் காஸ்ட்னரும் குழுவினரும் காட்டினார்கள். எனவே தாளம் புறணிக்குள் மட்டும் உருவாகும் ஒன்றல்ல. கீழிருந்து ஒரு கை அதைச் சேர்த்துவைக்கிறது.

வெளியிலிருந்தும் மூளைக்குத் தாளம் கொடுக்கலாம் என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். சீராகச் சிமிட்டும் விளக்கைப் பார்த்தால் பார்வைப் புறணியும் அதே அதிர்வெண்ணில் துடிக்கும், அந்த விளக்கைக் கவனித்தால் துடிப்பு இன்னும் பெரிதாகும். அருகருகே ஒன்று 10, மற்றொன்று 12 ஹெர்ட்ஸில் சிமிட்டினால், எதைக் கவனிக்கிறீர்கள் என்று இ.இ.ஜி.யைப் பார்த்தே சொல்லிவிடலாம். கை கால் அசைக்க முடியாதவர்கள் திரையில் எழுத்தைத் தேர்ந்தெடுக்க உதவும் கருவிகள் சில இதே முறையில் இயங்குகின்றன. சிமிட்டும் ஒளியால் வலிப்பு வரக் கூடியவர்கள் இருப்பதால், இவற்றை வீட்டில் தாமாகச் செய்து பார்ப்பது நல்லதல்ல.

தெரிந்தது என்று சொல்வது எதனால்

மங்கலான பொட்டுக்கே திரும்புவோம். ஒளி வருவதற்கு முன் ஆல்ஃபா குறைவாக இருந்தால் பொட்டு தெரிந்தது என்று சொல்வது கூடுகிறது என்பது பலமுறை உறுதியான முடிவு. இதைக் கேட்டதும் ஆல்ஃபா குறைந்தால் பார்வை கூர்மையாகிறது என்றே எவரும் எண்ணுவோம். அப்படித்தானா என்று சோதிக்க ஒரு தந்திரம் உண்டு: பொட்டு காட்டப்படாத வெற்றுத் தடவைகளையும் நடுநடுவே கலந்து வைப்பது. பார்வை உண்மையில் கூர்மையாகியிருந்தால், இருக்கும் பொட்டை "உண்டு" என்பது கூட வேண்டும், இல்லாத பொட்டை "உண்டு" என்பது கூடக் கூடாது.

லூகா யேமி, புஷ் உள்ளிட்டோர் 2017இல் வெளியிட்ட ஆய்வில் நடந்தது வேறு. ஆல்ஃபா குறைவாக இருந்த வேளைகளில் மக்கள் பொட்டு இருந்தபோதும் அதிகமாக "உண்டு" என்றார்கள், பொட்டு இல்லாதபோதும் அதிகமாக "உண்டு" என்றார்கள். இருப்பதையும் இல்லாததையும் பிரித்தறியும் திறன் கூடவில்லை. பார்வைப் புறணியின் அடிப்படைத் துடிப்பு உயர்ந்திருந்ததால், ஒளி வந்தாலும் அது எல்லையைத் தாண்டியது, ஒளி வராமலே புறணிக்குள் எழுந்த சிறு சலசலப்பும் எல்லையைத் தாண்டியது. திரை முழு இருட்டாக இருக்க, பொத்தானை அழுத்தியவர் தாம் கண்டதாகவே நம்பி அழுத்தினாரா, கண்டிருப்போம் என்று துணிந்து அழுத்தினாரா என்பதை எப்படிப் பிரிப்பது என்பதே இப்போது பல ஆய்வகங்களில் திட்டமிடப்படும் அடுத்த சோதனை.